பிரிட்டனின் பழைய சிறு கல்பாலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யாராவது பிரிட்டனுக்கு வந்தால் லண்டனைச் சுற்றிக் காட்டிவிட்டு, மறுநாள் கிராமத்துப் பக்கம் ஒரு பழைய கல்பாலத்துக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடம் கழித்துக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிறு பாலம் என்றால் எவ்வளவு சிறியது?

இதற்குச் சட்டப்படியான அளவு ஏதும் இல்லை. நான் சொல்வது ஓடை, சிற்றாறு, கால்வாய் இவற்றின் மேல் உள்ளூர்க் கொத்தனார்கள் உள்ளூர்க் கல்லைக் கொண்டு கட்டியவை. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வளைவுகள் இருக்கும். சிலவற்றில் வளைவே இருக்காது, வெறும் கல்பலகைதான். பெரிய பாலங்களுக்கு வரைபடம், கணக்குப் புத்தகம், கட்டியவரின் சிலை எல்லாம் உண்டு. இவற்றில் பலவற்றுக்குக் கட்டியவர் பெயர்கூடத் தெரியாது.

வளைவே இல்லாத பாலமா?

ஆமாம். ஆற்றுக்குள் கற்களை அடுக்கித் தூண் எழுப்பி, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நீளமான கல்பலகையைக் கிடத்திவிடுவார்கள். இதற்கு இங்கே கிளாப்பர் பாலம் என்று பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் போஸ்ட்பிரிட்ஜ் என்ற ஊரில் உள்ளது புகழ்பெற்றது. அங்கே கருங்கல் பலகை ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு மேல் நீளம், 2 மீட்டர் அகலம், எடை 8 டன் அளவில். டார்ட்மூரில் வெட்டியெடுத்த வெள்ளீயத்தைக் குதிரைகளில் ஏற்றிக் கொண்டுபோன காலத்துப் பாலம் அது. தன் வாத்துகள் ஓடைவழியே போய்விடாமல் தடுக்க ஒரு விவசாயி இந்தப் பலகைகளில் ஒன்றைக் கீழே தள்ளி அணை போடப் பார்த்தார், அது எசகுபிசகாக விழுந்து வீணாய்ப் போனது என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள்.

அதே தென்மேற்கில் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் பார்ல் ஆற்றின் மேல் டார் ஸ்டெப்ஸ் என்று இன்னொன்று உண்டு. 17 கண்கள், 55 மீட்டர் நீளம். அதன் வயது பற்றி அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தே கிடையாது. கிறிஸ்துவுக்கு முந்தையது என்பவரும் உண்டு, இடைக்காலத்தது என்பவரும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சண்டையே கொஞ்சம் வீண். ஏனென்றால் வெள்ளம் வந்தால் இந்தப் பலகைகள் ஆற்றோடு போய்விடும், பிறகு தேடி எடுத்து வந்து திரும்ப அடுக்குவார்கள். எளிதாக அடையாளம் காணப் பலகைகளுக்கு எண்ணே போட்டிருக்கிறார்கள். 2012இலும் 2016இலும் அப்படித்தான் நடந்தது. மரங்கள் அடித்துவந்து மோதாமலிருக்க ஆறு வரும் பக்கத்தில் அதன் குறுக்கே கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள். இப்படி எத்தனை முறை பிரித்துக் கோத்த பாலமோ, அதற்கு எந்த வயதைச் சொல்வது?

பலகை போதும் என்றால் வளைவு எதற்கு?

போதாது என்பதால்தான். கல்லை நசுக்குவது கடினம், ஆனால் வளைத்தால் பட்டென்று முறியும். இரண்டு முனையிலும் தாங்கிய பலகையின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பைக் கல் தாங்காது. ஆகவே நல்ல கருங்கல்லாக இருந்தாலும் நாலைந்து மீட்டருக்கு மேல் தாண்டுவது சிரமம். அதற்கு மேல் நீளமான பலகையை வெட்டுவதும் சுமப்பதும் யாரால் முடியும்?

வளைவில் இந்தத் தொல்லை இல்லை. சிறு சிறு ஆப்பு வடிவக் கற்களை அரைவட்டமாக நிறுத்தினால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கும். நெருக்கம் மட்டும்தான், இழுப்பு கிடையாது. ஒரே ஆள் தூக்கும் அளவுள்ள கற்களாலும் பத்து மீட்டர் தாண்டலாம்.

நடுவில் இருக்கும் அந்தக் கல்லை உருவினால் பாலம் விழுந்துவிடும் என்கிறார்களே?

விழும். ஆனால் பக்கத்துக் கல்லை உருவினாலும் விழும், அதற்கடுத்ததை உருவினாலும் விழும். உச்சிக் கல்லுக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை. அது கடைசியாக வைக்கப்படுவது என்பதுதான் அதன் பெருமை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்தவரைத் தலைமை விருந்தினர் ஆக்கியது போல.

வளைவு நிற்பதன் சூட்சுமத்தை 1675இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரே வரியில் சொன்னார். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது எந்த வடிவத்தில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் வளைவு நிற்கும் வடிவம். சங்கிலியில் முழுக்க இழுப்பு, கவிழ்த்தால் முழுக்க நெருக்கம். அந்தக் கற்பனைக் கோடு கல்லின் தடிமனுக்குள்ளேயே ஓடும்வரை பாலத்துக்கு ஆபத்தில்லை. பாரம் மாறும்போது கோடு கொஞ்சம் நகரும். ஆகவே வளைவு தடிமனாக இருக்க இருக்க நல்லது.

அப்படியென்றால் விரிசல் விட்ட பாலம் ஆபத்தானதுதானே?

அவசியமில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கரையிலிருக்கும் தாங்கிகள் காலப்போக்கில் ஓர் அங்குலம் விலகினால் வளைவு இரண்டு மூன்று இடங்களில் லேசாகத் திறந்து, கீல் மாதிரி மடிந்து, புது இருப்புக்கு வந்துவிடும். மூன்று கீல் வரை நிற்கும். நான்காவது விழுந்தால்தான் சரியும். விரிசல் நூறாண்டாக அப்படியே இருக்கிறதா, போன வருடத்தைவிட அகலமாகியிருக்கிறதா என்பதே கேள்வி. அதனால்தான் ஆய்வாளர்கள் விரிசலின் குறுக்கே அளவுகோல் ஒட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, ஆற்றுக்கு நடுவில் எப்படிக் கட்டினார்கள்?

முதல் வேலை காத்திருப்பது. கோடையில் தண்ணீர் குறையும்வரை ஆற்றில் இறங்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் என்ற ஊரின் பழைய பாலம் 1717இல் கட்டப்பட்டது. ஆறு பெருகிக் கிடந்தால் அக்கரையிலுள்ள கல்லறைக்குச் சவத்தைக் கொண்டுபோக முடியாத ஊர் அது. அங்கே ஆறு பாறைகளுக்கு நடுவே ஓடுவதால் இரண்டு பக்கமும் பாறையிலேயே வளைவின் காலை ஊன்றிவிட்டார்கள். அப்படிப் பாறை கிடைத்தால் கொத்தனார் அதிர்ஷ்டசாலி.

பாறை இல்லாத இடத்தில் ஆற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவார்கள், அல்லது மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இடையில் களிமண் திணித்துத் தொட்டி மாதிரி ஒன்று கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைப்பார்கள். அடியில் மண் இளகலாக இருந்தால் மரக்கழிகளை அடித்து இறக்கி, அதன்மேல் கல் வைப்பார்கள். மரம் மக்கிவிடாதா என்று கேட்பார்கள். எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கும் மரம் காற்றுப் படாததால் பல நூற்றாண்டு தாங்கும். நனைந்து காய்ந்து நனைந்து காயும் மரம்தான் மக்கும்.

அடுத்தது சாரம். வளைவின் வடிவத்திலேயே மரத்தில் ஒரு சட்டம் செய்து, இரண்டு கால்களுக்கும் இடையில் நிறுத்தி, அதன்மேல்தான் கற்களை அடுக்க வேண்டும். உச்சிக் கல் வைக்கும்வரை வளைவுக்குச் சொந்தமாக நிற்கத் தெரியாது. இந்த மரச்சட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைத்தான் இன்று நம் ஊரில் கான்கிரீட் போடப் பலகை அடிப்பவர்கள் "சென்ட்ரிங்" என்கிறார்கள். வளைவு போய்விட்டது, வார்த்தை மட்டும் சித்தாள் வாயில் மிஞ்சியிருக்கிறது.

கற்களை இரண்டு பக்கமிருந்தும் சமமாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சாரம் அந்தப் பக்கம் சாயும். உச்சி சேர்ந்த பிறகு சாரத்துக்கு அடியில் வைத்த ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுப்பார்கள். அப்போது வளைவு லேசாக இறங்கி, கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் பாலத்தடியில் நின்றவனுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

அப்புறம் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் மண்ணும் உடைகல்லும் கொட்டி நிரப்பி, மேலே பாதை போடுவார்கள். இந்த நிரப்பு வெறும் அடைப்பு இல்லை. அதன் எடைதான் வளைவை அமுக்கி வைத்திருக்கிறது, மேலே போகும் வண்டியின் பாரத்தையும் பரப்பிக் கொடுக்கிறது.

சிமெண்ட் இல்லாமல் எதை வைத்து ஒட்டினார்கள்?

சுண்ணாம்புக் காரை. ஆனால் "ஒட்டினார்கள்" என்பது சரியில்லை. வளைவு காரையால் நிற்பதில்லை. கற்களுக்கு நடுவில் மெத்தை போல இருந்து பாரத்தைச் சீராகப் பரப்புவதுதான் அதன் வேலை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு கலந்து பூசினால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகும். ஆண்டுக்கணக்கில் ஆகும். தண்ணீருக்கடியில் இந்தச் சாதாரணச் சுண்ணாம்பு இறுகாது. களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் நீருக்குள்ளும் இறுகும் என்பதை 1750களில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டும்போது பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சோதித்து நிறுவினார். போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை 1824இல்தான் வந்தது.

பழைய பாலத்தைச் "சரி செய்கிறேன்" என்று சிமெண்ட் பூசுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. சுண்ணாம்பு மூச்சுவிடும், உள்ளே புகுந்த ஈரம் மூட்டுவழியே வெளியேறும். சிமெண்ட் மூட்டை அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். மூட்டு மட்டும் விறைப்பாக நிற்க, நடுவில் கல் குழிந்து போயிருக்கும் பாலங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

சில பாலங்கள் இவ்வளவு குறுகலாகவும், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லாமலும் இருப்பது ஏன்?

அவை வண்டிக்காகக் கட்டியவை அல்ல. நம் பக்கம் பொதிமாடு போல இங்கே பொதிக்குதிரை. சாலை மோசமாக இருந்த மலைப்பகுதிகளில் கம்பளி, உப்பு, நிலக்கரி, சுண்ணாம்பு எல்லாம் குதிரை முதுகில்தான் போயின. வரிசையாக ஒன்றின்பின் ஒன்றாக நடக்கும், முன்னால் போகும் குதிரைக்கு மணி கட்டியிருக்கும். குதிரையின் இரண்டு பக்கமும் பொதி தொங்குவதால் கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் இடிக்கும். ஆகவே சுவர் தாழ்வு, அல்லது சுவரே இல்லை. பாதை ஆறடிக்கும் குறைவு. இன்று அங்கே உயரமான கைப்பிடி இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் வைத்தது.

ஸ்டாஃபர்ட்‌ஷயரில் கிரேட் ஹேவுட் என்ற ஊரில் எசெக்ஸ் பாலம் என்று ஒன்று. அகலம் வெறும் நாலடிதான், ஆனால் இன்னும் 14 வளைவுகள் நிற்கின்றன. அதில் தூணுக்குத் தூண் பக்கவாட்டில் முக்கோணமாக ஒதுங்கிடம் விட்டிருக்கிறார்கள். எதிரே குதிரை வந்தால் அதற்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். இப்போது சைக்கிள் வந்தால் நாம் ஒதுங்குகிறோம்.

தூண்கள் ஏன் கப்பல் முனை மாதிரி கூராக இருக்கின்றன?

மேல சொன்ன ஒதுங்கிடம் உட்கார்ந்திருப்பதே அந்தக் கூரின் தலையில்தான். தண்ணீரைக் கிழித்து விடுவதற்கும், அடித்துவரும் மரத்தை ஒதுக்குவதற்கும் அந்த முனை. சிலவற்றில் தண்ணீர் வெளியேறும் பக்கமும் வைத்திருப்பார்கள்.

நடுவில் ஒட்டக முதுகு மாதிரி கூன் ஏன்?

அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதி. பத்து மீட்டர் தாண்டினால் ஐந்து மீட்டர் மேலே ஏற வேண்டும். கரை தாழ்வாக இருந்தால் பாதை ஏறி இறங்காமல் வேறு வழியில்லை. தட்டையான வளைவு போட்டால் கூன் குறையும், ஆனால் அது கரைகளைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளும்.

இந்த இடத்தில் வில்லியம் எட்வர்ட்ஸின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. வேல்ஸ் நாட்டுக்காரர், விவசாயக் குடும்பம், தானாகவே கல்வேலை கற்றவர், சபைப் போதகரும்கூட. 1746இல் டாஃப் ஆற்றின் மேல் பாண்டிபிரித் என்ற இடத்தில் பாலம் கட்ட ஒப்பந்தம் எடுத்தார். ஏழு ஆண்டு நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. தூண்கள் வைத்துக் கட்டிய முதல் பாலம் சுமார் இரண்டே ஆண்டு நின்றது. வெள்ளத்தில் அடித்துவந்த மரங்களும் குப்பையும் தூண்களுக்கிடையே அடைத்து, தண்ணீர் தேங்கி, மொத்தமும் போயிற்று.

தூண் வைத்தால்தானே அடைக்கும்? ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் 140 அடி, அதாவது சுமார் 43 மீட்டர் தாண்டும் ஒற்றை வளைவு போடுவதென்று முடிவு செய்தார். அதுவும் விழுந்தது. விழுந்த விதம்தான் வேடிக்கை. நடுவில் பாரம் தாங்காமல் கீழே இறங்கவில்லை, நடுப்பகுதி மேல்நோக்கிப் பிதுங்கி விழுந்தது. வளைவின் இரண்டு தோள்களிலும் நிரப்பிய கல்லும் மண்ணும் கனமாக இருந்தன, உச்சி மெல்லியதாக இருந்தது. தோள்கள் அமுக்க அமுக்க உச்சி எழும்பிவிட்டது. ஹூக்கின் சங்கிலியை நினைத்துப் பாருங்கள்: இரண்டு ஓரங்களில் கல்லைத் தொங்கவிட்டால் நடுப்பகுதி மேலே ஏறி இறுகும் அல்லவா, அதுவே இங்கே தலைகீழாக.

எட்வர்ட்ஸ் தோள்களின் எடையைக் குறைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வட்டமான துளைகளைக் குடைவு போல விட்டுக் கட்டினார், விட்டம் 9 அடி, 6 அடி, 3 அடி. 1756இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. பல பத்தாண்டுகள் பிரிட்டனிலேயே மிக நீண்ட ஒற்றை வளைவாக இருந்தது. ஒரே குறை, ஏற்றம் மகாக் கொடுமை. இறங்கும் வண்டிகளுக்குப் பின்னால் சங்கிலி கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1857இல் பக்கத்திலேயே தட்டையாக வேறொரு பாலம் கட்டினார்கள். அந்தப் பாலம் பழையதை ஒட்டி நின்று அதன் அழகை ஒரு பக்கம் மறைப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

இதற்கெல்லாம் யார் காசு கொடுத்தார்கள்?

கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை. இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட 1215இன் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவிலேயே, வழக்கப்படி கடமை இல்லாதவர்களைப் பாலம் கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அப்படி எழுதி வைக்கும் அளவுக்கு மக்கள் நொந்து போயிருந்தார்கள். இடைக்காலத்தில் பாலத்துக்குக் கொடை தருவது புண்ணியம். கொடுத்தவர்களுக்குப் பாவத் தண்டனையைக் குறைத்து ஆயர்கள் சாசனம் வழங்கினார்கள். சில பாலங்களின் மேலேயே சிற்றாலயம் கட்டி, வழிப்போக்கரிடம் காணிக்கை வாங்கினார்கள். வேக்ஃபீல்டில் அப்படியொன்றை இன்றும் பார்க்கலாம். 1531இல் வந்த சட்டம், பொறுப்பாளர் யாரென்று தெரியாத பாலத்தையும் அதன் இரு முனைகளிலும் 300 அடி சாலையையும் மாவட்டமே பழுதுபார்க்க வேண்டும் என்றது. உடனே இந்தப் பாலம் எங்களுடையது இல்லை என்று வழக்குகளும் கிளம்பின.

பிசாசு கட்டிய பாலம் என்று இத்தனை ஊரில் சொல்கிறார்களே?

கதை எங்கும் ஒன்றுதான். கிழவியின் மாடு அக்கரையில் மாட்டிக்கொள்கிறது. பிசாசு வந்து, "பாலம் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு" என்கிறது. கிழவி ரொட்டித் துண்டை அக்கரைக்கு எறிகிறாள், நாய் ஓடுகிறது, பிசாசு ஏமாறுகிறது. வேல்ஸின் டெவில்ஸ் பிரிட்ஜ் என்ற ஊரிலும் இந்தக் கதைதான். அங்கே கதையைவிடக் காட்சி சிறப்பு: இடைக்காலப் பாலத்தை இடிக்காமல் அதன் தலைக்கு மேலேயே 1753இல் ஒரு கல்பாலம், அதற்கும் மேல் 1901இல் ஓர் இரும்புப் பாலம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

கால்வாய்களின் மேல் இருக்கும் குட்டிப் பாலங்களும் இதே வகையா?

கட்டுமானம் அதேதான், பெரும்பாலும் செங்கல். ஆனால் படகைக் குதிரை கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்ததால் அங்கே வேறு சிக்கல். பாதை இக்கரையிலிருந்து அக்கரைக்கு மாறினால் கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டும். மாக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயில் பாதையைப் பாலத்தின் மேலேறி, சுருண்டு இறங்கி, அதே வளைவுக்கடியில் போகும்படி வளைத்தார்கள். கயிற்றை அவிழ்க்காமலே குதிரை கரை மாறிவிடும். ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயில் இன்னும் எளிது: பாலத்தை இரண்டு பாதியாக வார்ப்பிரும்பில் செய்து, நடுவில் கயிறு நுழைய மட்டும் ஒரு சந்து விட்டார்கள்.

இத்தனை காலம் நின்றவை எதனால் விழுகின்றன?

தண்ணீரால். பாரத்தால் விழுந்தது குறைவு. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழலும்போது அடியிலுள்ள மண்ணையும் கூழாங்கல்லையும் தோண்டி எடுத்துவிடும். மேலே எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், கீழே கால் அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் வடியும் வேளையில் தோண்டிய குழியில் மணல் மூடிவிடுவதால் சேதம் கண்ணுக்கும் படாது.

கம்பிரியாவில் பூலி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பெயர் கொடுத்த மூன்று வளைவுப் பாலம் 1764இல் கட்டியது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. அதே மாதக் கடைசியில் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் பாலத்தில் ஒரு பகுதி ஆற்றுக்குள் சரிந்தது. பூலியில் 2020இல் துருப்பிடிக்காத எஃகில் புதுப் பாலம் வந்தது, டாட்காஸ்டரில் பழையதையே கல்லில் சீர்படுத்தி 2017இல் திறந்தார்கள். எது சரி என்று கேட்காதீர்கள். ஆற்றுக்குள் தூண் வேண்டாம் என்று பூலியில் எடுத்த முடிவு எட்வர்ட்ஸ் எடுத்ததேதான் என்பதை மட்டும் சொல்வேன்.

மேலே சொன்ன கார்பிரிட்ஜும் 1829 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் பக்கச் சுவர், கைப்பிடி எல்லாம் இழந்தது. வளைவு மட்டும் எலும்புக்கூடாக நிற்கிறது. பாடப் புத்தகப் படத்தைவிடத் தெளிவாக ஒரு வளைவைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம், நடக்கத்தான் விடமாட்டார்கள்.

இவற்றின்மேல் லாரி போகலாமா?

பொதிக்குதிரைப் பாலத்தில் கூடாது. ஆனால் சாலைக்காகக் கட்டிய வளைவுகள் பல, கட்டியவர் கனவிலும் காணாத பாரத்தை இன்று சுமக்கின்றன. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எந்தப் பாலத்தில் டாங்கி போகலாம் என்று சட்டென்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காகப் பேராசிரியர் பிப்பர்டின் ஆய்விலிருந்து ராணுவப் பொறியாளர்கள் வளைவின் அகலம், தடிமன், நிரப்பின் ஆழம், கல்லின் நிலைமை இவற்றை வைத்து ஒரு சுருக்கக் கணக்கு செய்தார்கள். முதல் கட்டச் சோதனைக்கு அது பின்னரும் வெகுகாலம் பயன்பட்டது.

பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

மேலே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், கீழே இறங்குங்கள். வளைவின் அடியில் நீளவாக்கில் நேர்க்கோடாக ஒரு தையல் தெரிந்தால் பாலத்தைப் பிற்காலத்தில் அகலப்படுத்தியிருக்கிறார்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் கல்வேலை வேறு, மறுபக்கம் வேறாக இருக்கும். விலா எலும்பு மாதிரி தனித்தனி வளையங்கள் ஓடினால் பெரும்பாலும் இடைக்காலப் பாலம். அப்படிக் கட்டினால் கல்லும் மிச்சம், ஒரே சாரத்தை நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்தலாம். கிர்க்பி லான்ஸ்டேலிலும், வேல்ஸில் மான்மத் ஊரின் வாயில்கோபுரப் பாலத்திலும் பார்க்கலாம். வளைவு தொடங்கும் இடத்தில் துருத்திய கல்லோ சதுரக் குழியோ இருந்தால் அங்கேதான் சாரத்தின் கால் உட்கார்ந்திருந்தது. கால்வாய்ப் பாலமென்றால் ஓர விளிம்பைத் தடவிப் பாருங்கள், கயிறு உராய்ந்து உராய்ந்து அறுத்த பள்ளங்கள் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும்.

மழை பெய்து ஆறு கலங்கி ஓடும் நாளில் மட்டும் இறங்காதீர்கள், செருப்பும் வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பாசி படிந்த கல் வழுக்கும்.